எருக்கஞ்செடியில் ஒன்பது புழுக்கள்

நாற்பத்து நான்கு வயது வரை பூச்சியைக் கண்டால் ஓடுகிறவளாகத்தான் இருந்தேன். கரப்பான், வண்டு, விட்டில் என்று வித்தியாசம் பார்த்ததில்லை. பட்டாம்பூச்சி வீட்டுக்குள் வந்தாலும் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வேன். ஏழு வயதில் பள்ளிக்கூடத்து முருங்கை மரத்திலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி என் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. முதுகெல்லாம் தடித்துப்போய் மூன்று நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பிறகு பள்ளிக்கூடம் முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றேன். அந்த மூன்று நாளை என் தோல் மட்டும் மறக்கவில்லை.

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது அந்தப் பயம் பெரிய தொந்தரவாகிவிட்டது. நான் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கிறேன். நடந்தே வேலைக்குப் போய்விடலாம் என்பதற்காகத்தான் அங்கே மனை வாங்கினோம். ஆனால் எங்கள் தெருவில் வீடு கட்டியவர்கள் எங்களையும் சேர்த்து நான்கே பேர். மீதியெல்லாம் காலி மனைகள். எருக்கு, ஆவாரை, துத்தி, தும்பை என்று இடுப்புயரத்துக்கு வளர்ந்து கிடந்தன. முதல் மழைக்கே அவற்றில் குடியிருந்தவையெல்லாம் எங்கள் வீட்டு விளக்கைத் தேடி வந்துவிட்டன. என் கணவர் செங்கம் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து வந்ததும் அவருக்கு முதல் வேலை, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. அவர் வரும்வரை நான் நாற்காலியில் காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம்தான் எங்கள் மகள் சென்னையில் கல்லூரி விடுதிக்குப் போனாள். அவள் போன இரண்டாவது வாரம், ஒரு காலை அலுவலகத்துக்குக் கிளம்பி கேட்டருகே போனேன். கேட்டை ஒட்டி முளைத்திருந்த துத்திச்செடி சிவப்பாக இருந்தது. துத்தி மஞ்சளாகத்தானே பூக்கும் என்று கிட்டே போய்ப் பார்த்தால், அத்தனையும் பூச்சி. சிவப்பு உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த பூச்சிகள். இரண்டிரண்டாகப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, ஒன்று முன்னே இழுக்க மற்றது பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது. கேட்டின் தாழ்ப்பாள் மேலும் நான்கைந்து இருந்தன. கணவர் கடைக்குப் போயாகிவிட்டது. எனக்குக் கை நீளவில்லை.

நின்ற இடத்திலிருந்தே கைபேசியில் படத்தைப் பெரிதாக்கி எடுத்து, இது கடிக்குமா என்று கேட்டு மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"மா, நான் கம்ப்யூட்டர் படிக்கறேன், என்னை வந்து கேட்டா? இரு, ஒரு ஆப் இருக்குது. அதுல போட்டோவப் போட்டா தெரிஞ்சவங்க யாராவது பேர் சொல்வாங்க. நான் சொல்லச் சொல்ல அமுக்கு."

அவள் சொல்லச் சொல்ல அமுக்கினேன். பத்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. அனுப்பியவரின் படம் இருக்கவேண்டிய வட்டத்தில் ஒரு அரச இலை இருந்தது. "பருத்தி, துத்தி விதைகளில் சாறு குடிக்கும் பூச்சி. மனிதரைக் கடிக்காது. ஒட்டிக்கொண்டு நடப்பவை ஆணும் பெண்ணும். பெரியது பெண். அவள் போகிற பக்கமெல்லாம் அவன் பின்னாலேயே போகிறான்."

செய்தித்தாளைச் சுருட்டித் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினேன். அன்று அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதம். சாயங்காலம் என் கணவர் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, "கல்யாணம் ஆன எல்லாருமே அப்படித்தானே நடக்கறோம்" என்றார்.

மறுநாள் காலையும் அவை அங்கேயேதான் இருந்தன. ஆனால் எனக்கு அவை வேறு மாதிரித் தெரிந்தன. நேற்று அது ஒரு சிவப்புக் கும்பல். இன்று எது பெண், எது ஆண் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. பெண் ஓர் இலையின் நுனிவரை போய், யோசித்து, திரும்பி வந்தது. பின்னாலிருந்தது அத்தனை தூரமும் எதையும் பார்க்காமல் கூடவே வந்தது. ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எது வந்தாலும் படமெடுத்துப் போட்டேன். எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே கேள்விதான், கடிக்குமா. அந்த அரச இலைக்காரர் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. "கடிக்காது." "கடிக்காது, வாயே கிடையாது, இரண்டு நாள்தான் உயிரோடு இருக்கும்." "இது கொட்டும், தள்ளி நில்லுங்கள்." "கடிக்காது. ஆனால் நசுக்கினால் நாறும்." பேர் தெரியத் தெரியப் பயம் ஒவ்வொரு பிடியாகக் கழன்றது. பேர் தெரியாத ஒன்று எதுவும் செய்யலாம். பேர் தெரிந்தது அதன் வேலையைத்தான் செய்யும்.

படமெடுப்பதும் மெல்லப் பழகியது. என் நிழல் அதன்மேல் விழுந்தால் போய்விடும் என்று தெரிந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்துக் குளிர்காயும், அப்போது அவசரப்படாமல் எடுக்கலாம் என்று தெரிந்தது. மேல்பக்கம் மட்டும் எடுத்தால் போதாது, மடக்கிய இறக்கையின் அடிப்பக்கத்தில்தான் பல சமயம் அடையாளம் இருக்கும். முழங்கையை முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிவலப் பாதையில் நடக்கப் போனால் அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் என் கணவர் இரண்டு டீ குடித்துவிடுவார். நான் ஏதாவது ஒரு புதர்முன் குந்தியிருப்பேன். மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போகிறவர்கள் என்னைத் தாண்டும்போது நடையைக் குறைத்து, நான் பார்க்கும் இடத்தை ஒரு கணம் பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாமல் போய்விடுவார்கள். ஒருமுறை காட்டாமணக்குச் செடியில் நகம் அளவே உள்ள பச்சைப் பூச்சி ஒன்றைப் பார்த்தேன். பட்டுப்புடவை ஜரிகையை வெயிலில் திருப்பினால் மின்னுமே, அப்படிப் பச்சையும் நீலமுமாக அதன் முதுகு மாறிக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்காத ஒரு முள்காட்டில், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் அது இத்தனை அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தது. எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அரச இலைக்காரர் ஒரு பேராசிரியராக இருக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். வெள்ளைத் தாடி, கண்ணாடி, பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். ஒருநாள் அவரே எழுதினார். வெள்ளிக்கிழமை காலை உங்கள் ஊருக்கு வருகிறேன், பேருந்து நிலையத்தில் நாற்பது நிமிடம் இருப்பேன், விருப்பமிருந்தால் சந்திக்கலாம் என்று. கணவரும் என்னோடு வந்தார். முன்பின் தெரியாத ஆள், நானும் வருகிறேன் என்று அவரே கிளம்பிவிட்டார்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவர், தோளில் டிக்கெட் பையோடு எங்களைப் பார்த்து வந்தார். விழுப்புரம் பக்கத்து ஆள். பேருந்து நடத்துனர். என் வயதுதான் இருக்கும். அவருடைய வண்டி இங்கே வந்து நின்று திரும்பிப் போகும் இடைவெளிதான் அந்த நாற்பது நிமிடம்.

டீக்கடையில் உட்கார்ந்ததும் என் கணவர் நேராகவே கேட்டார். "நீங்க காலேஜ்ல இருக்கறீங்கன்னு நெனச்சோம்."

"பத்தாவதோட சரிங்க" என்றார் அவர். "பஸ்ஸு நிக்கற எடமெல்லாம் நமக்கு காலேஜுதான். காலைல மொத டிரிப்புக்கு வருவேன் பாருங்க, பஸ் ஸ்டாண்டு டியூப்லைட்டு கீழ இருக்கற சுவத்துல விட்டில் எல்லாம் ஒட்டிக்கினு இருக்கும். பெருக்கறவங்க வர்றதுக்குள்ள எடுத்துருவேன்."

கைபேசியைக் காட்டினார். கண்ணாடி கீறல் விழுந்த பழைய கைபேசி. அதற்குள் ஒவ்வொரு ஊர்ப் பேருந்து நிலையச் சுவரும் இருந்தது. காரை பெயர்ந்த சுவரில் சந்தன நிறத்தில் ஒன்று, தேர்தல் விளம்பரத்தின்மேல் இலை மாதிரி ஒன்று, கழிப்பறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று, அதன் இரண்டு இறக்கையிலும் கண் வரைந்தமாதிரி வட்டம். நான் தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

"எத்தன வருஷமா எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"அது ஆச்சுங்க. இன்னும் வாரத்துக்கு ஒண்ணாவது புதுசா வருது. முடியவே மாட்டேங்குது." டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "மொத மொதல்ல நானும் கடிக்குமான்னுதாங்க கேட்டேன். எனக்கு ஒருத்தர் பதில் சொன்னாரு. அதான் உங்க கேள்விய பாத்தா விடறதில்ல."

வண்டி எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. போகும்போது என் கைபேசியைக் கேட்டு வாங்கி, அதற்கு முந்தைய வாரம் நான் எடுத்த ஒரு படத்தைத் தேடிக் காட்டினார். ரமணாசிரமம் பகுதியில் ஒரு விடுதிச் சுவரை ஒட்டி உண்ணிச்செடிப் பூவில் உட்கார்ந்திருந்த பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, கீழே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள். ரோஜா அழகி என்று நானே பேர் எழுதிப் போட்டிருந்தேன். நானாகப் பேர் சொன்ன முதல் படம் அது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

"இத மட்டும் தப்பா போட்டுட்டீங்க. எறக்கைய பாக்காதீங்க, ஒடம்ப பாருங்க. ரோஜா அழகின்னா ஒடம்பு செவப்பா இருக்கும். இது ஒடம்பு கறுப்பு. இது உங்க வீட்டு கறிவேப்பிலைல முட்டை வெக்குதே, அந்த ஜாதி. ரோஜா அழகி சின்னதுல ஆடுதின்னாப்பாளைய தின்னு வளருது. அதனால ஒடம்பெல்லாம் விஷம், குருவி தொடாது. இதுங்கிட்ட விஷம் கெடையாது. அதான் பொம்பளப் பூச்சி அது மாதிரி வேஷம் போட்டுக்கினு சுத்துது."

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிவிட்டார். நானும் என் கணவரும் பேருந்து நிலையத்தில் நின்றபடியே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உடம்பு கறுப்புதான். அந்த ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொரு பொட்டும் அதனதன் இடத்தில் இருந்தது. அடுத்தவளின் சேலையைப் பார்த்துத் தானும் அப்படியே நெய்து கட்டிக்கொண்டவள்போல. ஆனால் இது பார்த்து நெய்யவில்லை. தன் முதுகு எப்படி இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது. தெரியாமலே எத்தனை காலமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் பின்பக்கம் போய்க் கறிவேப்பிலைச் செடியை ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார்.

இத்தனைக்குப் பிறகும் புழுக்கள் மட்டும் எனக்கு ஆகவில்லை. பட்டாம்பூச்சியை ஒரு சாண் தூரத்திலிருந்து எடுப்பேன். புழுவென்றால் இரண்டடி தள்ளித்தான். கழுத்துக்குப் பின்னால் தோல் சுருங்கும். எங்கள் வீட்டுக்கு இடப்பக்கத்து மனையில் எருக்கஞ்செடி ஒன்று ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. வெந்தய நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி அதைச் சுற்றியே இருக்கும். வெந்தய வரியன் என்று பேர். மெதுவாக, யாருக்கும் பயமில்லாததுபோலப் பறக்கும். நடத்துனரிடம் கேட்டதற்கு, எருக்கம்பாலின் விஷம் அதன் உடம்பில் இருக்கிறது, அவசரமாகப் பறக்க அவசியமில்லை என்று எழுதினார். சில நாளில் இலைகளில் புழுக்கள் தெரிந்தன. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகள், கறுத்த மெல்லிய கொம்புகள். தினமும் அலுவலகம் போகும்முன் மதில்மேல் கையை ஊன்றி எண்ணுவேன். மொத்தம் ஒன்பது.

அவை சாப்பிடும் விதத்தை அங்கிருந்துதான் பார்த்தேன். எருக்கிலையைக் கிள்ளினால் பால் கொட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். புழு முதலில் இலையின் நடுநரம்பைக் கடிக்கிறது. பால் அங்கே வழிந்து நிற்கிறது. இலை தொங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு நுனிப்பக்கம் போய் நிதானமாகத் தின்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது? பிறந்து நான்கு நாள் ஆகாத உயிர். குழாயை அடைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கும் பிளம்பர் மாதிரி இருக்கிறது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் மதிலெட்டிப் பார்த்தார். நாங்கள் இருவரும் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஜேசிபி சத்தம் கேட்டது. பக்கத்து மனையில் வீடு கட்டப்போகிறார்கள். வண்டி அந்தக் கோடியிலிருந்து ஆவாரையையும் துத்தியையும் வேரோடு வாரிக்கொண்டு வந்தது. எருக்கஞ்செடி இந்தக் கோடியில். நான் ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு வெளியே ஓடி வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் குரல் உயர்ந்தாலே எழுந்து போய்விடுவேன்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை.

"தள்ளிக்கமா. இன்னாமா வேணும்?"

"அந்த எருக்கஞ்செடியில புழு இருக்குதுங்க. எடுத்துக்கறேன். கொஞ்சம் டைம் குடுங்க."

"புழுவா?" அவர் எந்திரத்தை அணைத்தார். "புழுவ எடுத்து இன்னா பண்ணுவீங்க?"

"பட்டாம்பூச்சியாகும்" என்றேன். எனக்கே அது சின்னப்பிள்ளைப் பேச்சாகக் கேட்டது.

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். "சரிமா. டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள எடுத்துக்கோங்க. அப்பால நிக்க முடியாது, மத்தியானம் வேற எடத்துல வேல கீது."

கணவர் கத்தரியும் வாளியும் கொண்டுவந்தார். அவர் கிளைகளை வெட்டினார், நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். பால் கண்ணில் படக்கூடாது என்று நடத்துனர் சொல்லியிருந்ததால் அவர் தன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெட்டினார். ஏழு புழுக்கள் கிளையோடு வந்துவிட்டன. எட்டாவதும் வந்தது. ஒன்பதாவது அடித்தண்டில், கிளையில்லாத இடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவருடைய இரண்டு கையும் பாலில் நனைந்து பிசுபிசுத்தன.

"நீதான் எடுக்கணும்" என்றார்.

"என்னால முடியாதுங்க."

"சரி, கைய மட்டும் வெய்யி. அது வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்."

விரலைத் தண்டில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். மூடத்தான் நினைத்தேன், முடியவில்லை. அது தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தது. பிறகு என் விரல்நகத்தில் முதல் காலை வைத்தது. அடுத்து இன்னொன்று. முழு உடம்பும் ஏறி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. நான் எதிர்பார்த்த எரிச்சல் இல்லை, முடி இல்லை. குளிர்ச்சியாக, ரொம்ப மெதுவாக, எத்தனையோ சின்னச்சின்னப் பிடிகள். அதன் எடை எனக்குத் தெரிந்தது. ஒரு எடையே இல்லாததன் எடை. என் கைரேகைமேல் அது நடந்துபோனபோது உடம்பு அலையலையாக முன்னே நகர்ந்தது. கொம்புகளின் அடியில் குங்குமச் சிவப்பு இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இரண்டடி தூரத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அது இல்லை.

டீ குடித்துவிட்டு வந்த ஜேசிபிக்காரர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் கணவர் தன் கைபேசியில் அந்தப் புழுவை எடுத்துப் பெரிதாக்கி அவரிடம் காட்டினார். அவர் வாங்கி வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது இங்கயா கீது? இந்த எருக்கஞ்செடியிலயா?"

"ஆமாங்க."

"முப்பது வருஷமா செடி வார்றேன்" என்றார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியில் ஏறும்முன் கீழே கிடந்த இலைகளையெல்லாம் ஒருமுறை காலால் புரட்டிப் பார்த்தார். மிச்சம் எதுவும் இல்லை என்று உறுதியானதும்தான் எந்திரத்தைப் போட்டார்.

கிளைகளைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி வராந்தாவில் வைத்தோம். தினமும் புது எருக்கிலை வேண்டும். அதைக் கொண்டுவருவது என் கணவரின் பொறுப்பாகிவிட்டது. கடையிலிருந்து வரும்போது பேட்டரி வாடையோடு ஒரு கட்டு எருக்கும் வரும். புழுக்கள் விரல் நீளத்துக்குப் பெருத்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தின்பதை நிறுத்தி இடம் தேடிப் போயின. சில வாளியின் விளிம்பில், இரண்டு ஜன்னல் கம்பியில், ஒன்று என் கணவரின் ஹெல்மெட் பட்டையில் தலைகீழாகத் தொங்கின. அவர் அந்த ஹெல்மெட்டை எடுக்காமல் தம்பியிடம் இன்னொன்று வாங்கிக்கொண்டார். தோல் கழன்று விழுந்ததும் உள்ளே இருந்தது வேறொன்று. வெளிர்பச்சைக் கூடு. அதன் மேல்புறத்தில் வரிசையாகத் தங்கப்பொட்டு. தங்கம் மாதிரி என்று சொல்லவில்லை. காலை வெயில் பட்டபோது என் மூக்குத்தியில் விழுகிற அதே ஒளி அதிலும் விழுந்தது. எருக்கிலையை மட்டுமே தின்ற ஒன்றுக்கு அந்த நிறம் எங்கிருந்து கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒன்பதில் ஏழுதான் பிழைத்தன. இரண்டு கூடுகள் பழுப்பேறிக் கறுத்தன. அவற்றிலிருந்து கண்ணாடி இழைபோன்ற நூல்களில் வெள்ளைப் புழுக்கள் சறுக்கிக் கீழே இறங்கின. கிட்டே போய்ப் படம் எடுத்தேன். நடத்துனர் பதில் போட்டார். ஓர் ஈ, வெந்தய வரியனின் புழு உயிரோடு இருக்கும்போதே அதன்மேல் முட்டையிட்டுவிடும், குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும் என்று. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். "வருத்தப்படாதீர்கள். அந்த ஈயின் வீடும் அதே எருக்கஞ்செடிதான்." அன்று முழுவதும் அலுவலகத்தில் கடிதங்களுக்கு எண் போட்டுக்கொண்டே அந்த வரியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு செடிக்குள் இத்தனை பேர் இத்தனை விதமாகப் பிழைக்கிறார்கள். நான் அதைக் களை என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கணவர் கூப்பிட்டார். "இங்க வா. சீக்கிரம்."

ஹெல்மெட்டில் தொங்கிய கூடு நிறம் மாறியிருந்தது. பச்சை போய் உள்ளே இருப்பது கண்ணாடிக்குள் தெரிவதுபோலத் தெரிந்தது. மடித்து வைத்த வெந்தய நிறம், கறுப்பு ஓரம், வெள்ளைப் புள்ளிகள்கூட. நான் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொன்னேன். அவர் கடைப்பையனைக் கூப்பிடக்கூட இல்லை, கடை தானாகத் திறந்துகொள்ளும் என்பதுபோலத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு மேல் கூட்டின் அடிப்பக்கம் வெடித்தது. சத்தம் இல்லை. கால்கள் முதலில் வந்தன. பிறகு தலை, பிறகு நனைந்த துணி மூட்டைபோல உடம்பு. இறக்கை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, சுருங்கிய இரண்டு துண்டுகள்தான். காலி கூட்டைப் பிடித்துக்கொண்டு அது தொங்கியது. வயிறு பெரிதாகவும் சிறிதாகவும் ஆனது. பார்க்கப் பார்க்க அந்தத் துண்டுகள் இறங்கின. சுருக்கம் பிரிந்தது. தண்ணீர் பட்டு மாக்கோலம் கலைவதைப் பார்த்திருக்கிறேன். இது அதற்கு நேர்மாறாக, கலைந்து கிடந்தது கோலமாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்துக்கு வந்து நின்றது. கால் மணி நேரத்தில் முழு வெந்தய வரியன் ஒன்று அங்கே இருந்தது.

என் கையில் கைபேசி இருந்தது. ஒரு படம்கூட எடுக்கவில்லை. என் கணவர் மூக்கை உறிஞ்சினார். திரும்பிப் பார்த்தேன்.

"எருக்கம்பால் எரியுது" என்றார். அன்று அவர் எருக்கிலை பறிக்கவில்லை.

ஒன்பதரைக்கு அது இறக்கையை இரண்டுமுறை திறந்து மூடியது. நான் விரலை நீட்டினேன். ஏறிக்கொண்டது. உடம்பிலிருந்து ஒரு துளி செம்மண் நிற நீரை என் புடவையில் விட்டது. வராந்தாவைத் தாண்டி வெயிலுக்குக் கொண்டுபோனேன். காற்று வந்தது. மலைப்பக்கம் திரும்பி ஒருகணம் தயங்கி, பிறகு எங்கள் தலைக்கு மேலே ஏறியது. அதன் அவசரமில்லாத பறத்தலைக் கண்ணுக்கு எட்டியவரை பார்த்தோம். இத்தனை நாள் தரையையே பார்த்து நடந்த ஒன்று, ஒருமுறைகூடப் பழகிப் பார்க்காமல் பறந்தது.

மீதி ஆறும் அந்த வாரத்துக்குள் போய்விட்டன. ஜன்னல் கம்பியில் இருந்த ஒன்று நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாதபோது வந்து, யாரிடமும் சொல்லாமல் போயிருந்தது. பக்கத்து மனையில் இப்போது இரண்டு மாடி வீடு எழும்பிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். பர்மிஷன் சீட்டை எழுதி அலுவலரிடம் கொண்டுபோனேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா காரணம் எழுதறது? ஒடம்பு சரியில்லையா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "வீட்ல பட்டாம்பூச்சி கூட்டுலேர்ந்து வெளிய வர்ற நேரம் சார். பாக்கறதுக்காக இருந்துட்டேன்."

அவர் பேனாவைத் திறந்தார். பார்வை என் புடவையிலிருந்த செம்மண் நிறக் கறைக்குப் போனது. சொந்தக் காரணம் என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, நான் திரும்பியபோது கேட்டார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு சார்" என்றேன்.